பாட்டு வேணாம், பேசிக்கினே இருங்க

வானொலி வேலையில் ஒரு சௌகரியம், எதிரில் யாரும் இல்லை. ஒரு கஷ்டம், அதுவும் அதேதான். பத்திரிகையில் எழுதியபோது மறுநாள் காலை டீக்கடையில் யாராவது அதைப் பிரித்து வைத்துக்கொண்டு திட்டுவதைக் காதால் கேட்கலாம். திட்டாவிட்டாலும் மசால்வடை மடித்துக் கொடுக்கவாவது அந்தத் தாள் பயன்படும். காற்றில் பேசியதில் வடை மடிக்க முடியாது. சிவப்பு விளக்கு அணைந்ததும் எழுந்து, கேட்டார்களா இல்லையா என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். இந்த வியாதியில் விழுந்த சக அறிவிப்பாளர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

வேலூரில் ஒரு தினசரியில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, சித்தூருக்கு வெளியே ஒரு மத்திய அலை நிலையத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். கோபுரமும் ஸ்டூடியோவும் ஒரே வளாகத்தில் இருந்தன. நாள் முழுக்கத் தெலுங்கு பேசும் நிலையம் அது. எல்லையோரக் கிராமங்களில் இருக்கும் தமிழர்களுக்காக மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை தமிழ். அந்த அரைமணி என்னுடையது. எழுதுவது, படிப்பது, பாட்டுப் போடுவது, தடங்கலுக்கு வருந்துவது எல்லாம் நானே. தெலுங்கு நன்றாகப் பேசுவேன். எழுத்து மட்டும் தெரியாது. பேருந்துப் பலகையைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன். இந்தக் குறையை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதுத் திட்டத்தோடு வருவார். திட்டத்தின் முதல் வரி மட்டும் மாறாது: தமிழ் அரைமணியை யார் கேட்கிறார்கள், எடுத்துவிடலாமா? அந்தக் கேள்விக்கு நான் பதினெட்டு வருடம் பதில் தேடினேன். அதில் கடைசி ஆறு வருடம் அந்தப் பதில் எங்கள் அலுவலகத்திலேயே, சாமி படத்துக்குப் பக்கத்தில், குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பேசும் கொடிக்கம்பி

நான் சேர்ந்தபோது இருந்த அதிகாரி விவசாயப் பிரியர். என் அரைமணி முழுக்க உரைகள். மாவில் தத்துப்பூச்சி, வேர்க்கடலையில் சுருள்பூச்சி, மறுபடியும் மாவில் தத்துப்பூச்சி. பூச்சிகளின் பெயர்களைச் சரியாக உச்சரிப்பேன் என்று எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர்.

ஒரு நாள் கோபுரத்துக்கு அடுத்த வேலியில் குடியிருந்த செல்லம்மா என்பவர் நிலையத்துக்குள் வந்தார். தன் வீட்டில் துணி காயப்போடும் கம்பி தெலுங்கு பேசுகிறது என்றார். நான் சிரித்தேன். எங்கள் இன்ஜினியர் கங்காதரம் சிரிக்கவில்லை. கோபுரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் துருப்பிடித்த கம்பி முடிச்சு ஒன்று இருந்தால் அதுவே ரேடியோப் பெட்டியின் வேலையைப் பார்க்கும் என்றார். போய்ப் பார்த்தோம். ஈரப் புடவைக்கும் லுங்கிக்கும் நடுவிலிருந்து சன்னமாகத் தெலுங்குச் செய்தி வந்துகொண்டிருந்தது.

“கம்பியைக் கழட்டிட்டு நைலான் கயிறு கட்டிக்கம்மா, சரியாப்பூடும்” என்றார் கங்காதரம். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நிறுத்தச் சொல்லியா வந்தேன்? எங்க வூட்ல எல்லாரும் தமிழு. கம்பியத் தமிழ்ல பேச வச்சிக் குடுங்க.” தமிழ் இரண்டு மணிக்கு மட்டும்தான் வரும் என்று நான் விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ ரெண்டு மணிக்கே துணி போட்றேன், போங்க” என்றார்.

என் நேயர் பட்டியலில் முதல் பெயர் அப்படித்தான் ஏறியது.

பாட்டு இருக்கிறது, பேர் இல்லை

அடுத்து வந்தவர் பூச்சிகளை எல்லாம் விரட்டிவிட்டு நேயர் விருப்பம் கொண்டுவந்தார். கடிதங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு கடிதத்திலும் பாட்டு ஒன்று, பெயர் நாற்பது. சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் ஊரில் இருந்த அத்தனை பேரின் பெயரும் தெரு வாரியாக இருந்தது. படித்து முடிக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மீதி நேரத்தில் ஒரு பாட்டு, அதுவும் முதல் சரணத்தோடு போயிற்று.

அதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். இனிமேல் ஒரு கடிதத்துக்கு மூன்று பெயர், மிச்ச நேரம் முழுக்கப் பாட்டு என்று உத்தரவு. இரண்டு வாரத்தில் கடிதங்கள் நின்றன. மூன்றாவது வாரம் அந்தச் சத்தியவேட்டுக்காரர் இரண்டு பேருந்து மாறி நேரிலேயே வந்துவிட்டார். நாங்கள் போடுகிற பாட்டில் ஏதாவது குறையா என்று பயந்துபோய்க் கேட்டேன்.

“பாட்டு எங்கக்கிட்டயே கேசட்ல கீது சார்” என்றார். “பேருதான் இல்ல.”

நிறுத்தின இடம்

மூன்றாமவர் திருப்பதிக்காரர். நிலையத்தையே பக்தி நிலையமாக்கினார். என் அரைமணிக்குத் திருப்பதியிலிருந்து ஒரு சுவாமி வருவார். கோயில் கைங்கர்யத்தில் இருக்கும் குடும்பம். வரதாச்சாரியார் என்று பெயர். பாசுர விளக்கம். குரல் வெண்கலம். கடிகாரம் மட்டும் அவருக்குப் பகை.

இரண்டரை மணிக்குத் தெலுங்குச் செய்தி. பெருமாளே பேசிக்கொண்டிருந்தாலும் கங்காதரம் அந்த நொடியில் துண்டித்துவிடுவார். முதல் நாள் சுவாமி ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார், துண்டித்தார்கள். மறுநாள் சரியாக இரண்டு மணிக்குச் சுவாமி எந்த முகமனும் இல்லாமல், விட்டுப்போன வார்த்தையின் பின்பாதியிலிருந்து தொடங்கினார். அதற்கு மறுநாளும் அப்படியே. வாரம் முழுக்க நிகழ்ச்சி பாதி வார்த்தையில் முடிந்து பாதி வார்த்தையில் ஆரம்பித்தது. கேட்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரு வணக்கமாவது சொல்லித் தொடங்கக்கூடாதா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

சுவாமி திருமண் கலையாமல் நெற்றியைச் சுருக்கினார். “நான் எங்கே ஓய் நிறுத்தினேன்? நீர்தான் நிறுத்தினீர். நிறுத்தினவர் வணக்கம் சொல்லும், அடியேன் தொடர்றேன்.”

ஒரு ரசிகை

நாலாவது அதிகாரிக்குத் தொலைபேசி மேல் மோகம். இனி எல்லாமே நேரலை. நேயர் போனில் வந்து பாட்டுக் கேட்பார், உடனே போட வேண்டும். என்னை அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். பெயர், ஊர், பாட்டு, அவ்வளவுதான். மீறினால் கங்காதரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை வெட்டுவதுபோல் காட்டுவார்.

ஒரு மதியம் வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார். என்ன பாட்டு வேண்டும் என்றேன். “பாட்டு வேணாம் சார், நீங்க பேசிக்கினே இருங்க” என்றார். என்ன பேசச் சொல்கிறீர்கள் என்றேன். “இன்னா வேணா பேசுங்க சார். பாட்டு போட்டா அதுங்கல்லாம் வந்து...” என்பதற்குள் கங்காதரம் கையை வெட்டினார், லைனும் போயிற்று, பாட்டும் வந்தது. மறுவாரமும் அதே குரல், அதே வேண்டுகோள், அதே வெட்டு. அப்புறம் அந்தப் பெண் போன் செய்யவில்லை.

எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாட்டு வேண்டாம், என் குரல் போதும் என்று சொல்லும் ஒருவர் இந்தப் பூமியில் இருக்கிறார். அன்று சாயந்தரம் வீட்டில் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை தொடங்கியபோது என் மனைவி பருப்பு தாளித்தபடி, திரும்பாமலேயே சொன்னாள்: “பாவம், யாருக்கோ தூக்கம் வரல போல.”

ஆதாரம்

கடைசியாக வந்தவர் விஜயலட்சுமி மேடம். சத்தம் போடமாட்டார், சிரிக்கவும் மாட்டார். முன்னால் இருந்த நாலு பேரும் தமிழ் அரைமணியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். இவர் தேதி குறித்தார். மாதக் கடைசிக்குள் யாராவது கேட்கிறார்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அரைமணி தெலுங்கு விளம்பரத்துக்குப் போகும், நான் வீட்டுக்குப் போவேன்.

என்னிடம் என்ன இருந்தது? செல்லம்மாவின் பெயர் இருந்தது. ஆனால் அவர் மகன் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்து, கொடிக்கம்பி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. சத்தியவேட்டுக்காரர் பெயர் படிப்பதை நிறுத்தியதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கடிதமே வருவதில்லையா என்று மேடம் கேட்டார். தமிழில் ஒன்றுகூட வருவதில்லை என்ற உண்மையைச் சொன்னேன்.

“தெலுங்குப் பிரிவுக்கு வாரம் இருபது வருது” என்றார் மேடம். “உங்களுக்கு மட்டும் தபால்காரர் விரோதியா?”

வெள்ளிக்கிழமை ஆரத்தி

தெலுங்குப் பிரிவில் கடிதங்களைப் பிரிப்பவர் சரளா. கடப்பாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பல வருடம் சித்தூரில் இருந்தும் தமிழ் ஒரு வார்த்தை ஒட்டவில்லை. ஆனால் நல்ல மனசு. என் நிலைமை கேள்விப்பட்டு, தன் மேஜைக்கு மேல் அலமாரியில் வைத்திருந்த சாமி படத்துக்கு எனக்காகக் கற்பூரம் ஏற்றுவதாகச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. நானும் போய் நின்றேன். படத்துக்குப் பக்கத்தில் நூல் கட்டிய ஒரு அஞ்சலட்டைக் கட்டு இருந்தது. அதற்கும் குங்குமம், அதற்கும் பூ. அதற்கும் தட்டைச் சுற்றிக் காட்டினார்.

அது என்ன என்று கேட்டேன். யாரோ ஒரு பக்தை மாதத்துக்கு ஒன்றாக அனுப்புகிற மந்திரம் என்றார். எழுத்து தெலுங்கு, பாஷை தெரியவில்லை. எல்லா அட்டையிலும் திரும்பத் திரும்ப ஒரே சொற்கள். நாமம் எழுதி வேண்டிக்கொள்கிறவர்கள் அப்படித்தானே எழுதுவார்கள்? நடுவில் ‘பாட்டு’ என்று, தெலுங்கு ‘பாட’ மாதிரியே ஒரு சொல் வருவதால் பஜனைப் பாட்டாகத்தான் இருக்கும். வந்த மந்திரத்தைக் குப்பையில் போட்டால் பாவம் என்று ஆறு வருடமாகப் பூஜையில் வைத்திருக்கிறார். என்ன மந்திரம், கொஞ்சம் படியுங்கள் என்றேன். சரளா செருப்பைக் கழற்றிவிட்டு, மேலிருந்த அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுலோகம் சொல்லும் ராகத்தில் படித்தார்.

“ஐயா வணக்கம். நீங்க பேசறப்போ கொரங்கு வரதில்ல. பாட்டு போட்டா கொரங்கு வந்து குந்திக்கினு கேக்குது. கேட்டுட்டு மாங்கா துன்னுட்டுப் போவுது. பாட்டு போடாதீங்க. பேசிக்கினே இருங்க. இப்படிக்கு கன்னியம்மா, வரதய்யபாளையம் மண்டலம்.”

படித்தவருக்குப் புரியவில்லை. கேட்ட எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது; அந்த இரண்டு பேரும் ஆறு வருடம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் சரளாவுக்குத் தெலுங்கில் சொன்னேன். அவர் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தார்.

“ஆறு வருஷமா நான் ஹாரதி குடுத்தது கோதிக்கா?” என்று தெலுங்கில் கேட்டார். கோதி என்றால் குரங்கு. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கங்காதரம் சமாதானம் சொன்னார்: “விடும்மா. ஆஞ்சநேயருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.”

மாமரத்தில் என் குரல்

நேரில் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்றார் மேடம். மறுநாள் கங்காதரமும் நானும் ஜீப்பில் புறப்பட்டோம். என் நிகழ்ச்சியைப் பாட்டில்லாமல் வெறும் பேச்சாக ஒலிப்பதிவு செய்து வைத்துவிட்டுப் போனதால் இரண்டு மணிக்கு நான் நிலையத்திலும் இருந்தேன், வரதய்யபாளையத்தைத் தாண்டி ஒரு மாந்தோப்பிலும் இருந்தேன்.

கன்னியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. ஊரார் தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்தவர்கள். கன்னியம்மாவும் கணவரும் சேர்ந்து இரண்டு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு வாங்கி ஏழு வருடம். கணவர் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதால் காவல் இவர் மட்டும்தான். விடிந்ததிலிருந்து குரங்கு விரட்டினால் மதியம் ஒரு அரைமணி கண் சொருகும். குரங்குகளும் அந்த அரைமணிக்குத்தான் காத்திருக்கும். வாங்கிய முதல் வருடம், கண் மூடிய நேரத்தில் நாலு மரம் மொட்டை. பிறகுதான் ஒரு டிரான்சிஸ்டரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நடு மரத்தில் கட்டினார். ஆள் பேசும் சத்தம் கேட்டால் குரங்கு வராது. பாட்டுச் சத்தத்துக்கு வரும். கல்யாண வீடு, தேர்த் திருவிழா என்று பாட்டு இருக்கிற இடத்தில் எல்லாம் சாப்பாடு இருக்கும் என்பது அவற்றின் அனுபவம்.

“போன்ல சொல்லலாம்னா பேசவே உடல. அதான் கார்டு போட்டேன்” என்றார். ஏன் தெலுங்கு எழுத்தில் என்று கேட்டேன். “நான் படிச்சது தெலுங்கு ஸ்கூலு சார். அந்த எழுத்துதான் வரும். தமிழ் புரோகிராமுக்குத் தமிழ்லதானே எழுதணும்?” தவறு எந்த இடத்தில் நடந்தது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

இரண்டு மணி. மரத்திலிருந்து நான் வணக்கம் சொன்னேன். வேலிக்கு அப்பால் பனைமரத்தில் பதினைந்து இருபது குரங்குகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கன்னியம்மா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, துண்டை விரித்துப் படுத்தார். ஐந்தாவது வரியில் தூங்கிவிட்டார். பதினெட்டு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே ரசிகை, என் கண்ணெதிரில், என் குரலுக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிறைவு இசை வந்ததும் அவர் எழுந்தார், குரங்குகளும் எழுந்தன. இரு தரப்புக்கும் அந்த இசை பழக்கமாகியிருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. “தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க பேசிக்கினு கீறீங்கன்னா எனக்குப் பயமில்ல. அதான் தூக்கம் வருது.” எனக்கு அதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது என்று தோன்றியது. அந்த உற்சாகத்தில் வேலிப் பக்கம் போய், இறங்கிவந்துகொண்டிருந்த குரங்குகளைப் பார்த்து, ஒலிபெருக்கி இல்லாமல், நேரிலேயே, “நேயர்களுக்கு வணக்கம்” என்றேன். முன்னால் வந்த கடுவன் ஒரு கடித்த மாங்காயை என் மேல் எறிந்தது. கங்காதரம் என் சட்டையைத் துடைத்துவிட்டார். “நேர்ல உங்களுக்கு மவுசு இல்ல சார்.”

கோப்பில் எப்படி எழுதுவது

அறிக்கை எழுதினேன். பதினோரு வருடப் பத்திரிகைப் பழக்கத்தில், பார்த்ததை மட்டும், பார்த்தபடி எழுதினேன். மேடம் இரண்டு முறை படித்தார். பிறகு அஞ்சலட்டைகளை எண்ணினார், எழுபத்திரண்டு. குங்குமம் ஏன் என்று கேட்டார், சொன்னேன். அதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் கேள்விகள் வந்தன. கன்னியம்மா தூங்குகிறாரே, அவர் நேயரா? குரங்குகள் முழுக்கக் கேட்கின்றன, ஆனால் பிடிக்காமல்தானே கேட்கின்றன, அவை நேயர்களா? வேலை போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். அதைவிட அந்த இரண்டு ஏக்கர்தான் கண்ணுக்குள் நின்றது. காய் பருத்துவரும் சித்திரை மாதம். பறிக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. இரண்டு மணிக்குத் தெலுங்கு விளம்பரப் பாட்டுகள் வந்தால் அந்தத் தோப்பில் என்ன நடக்கும் என்று கேட்காமலேயே இருக்க முடியவில்லை, கேட்டும்விட்டேன்.

மேடம் பேனாவை மூடி போட்டு வைத்தார். “தூங்கறவங்க ஒரு நேயர். தூங்காதவங்க இருபது நேயர். தெலுங்குல எந்தப் புரோகிராமுக்கும் இவ்வளவு உறுதியான ஆதாரம் இல்ல. இருபத்தொண்ணுன்னு போட்டு என்கிட்டக் கையெழுத்து வாங்கிக்கோங்க. ஆனா ஒண்ணு, இனிமே பாட்டு கிடையாது.”

மெமரி கார்டு

இரண்டு வருடம் பாட்டே இல்லாமல் பேசினேன். பழையபடி தத்துப்பூச்சி, ஊர்ப் பெயர்கள், சுவாமியின் மிச்ச விளக்கம், எது கிடைத்தாலும். பிறகு மத்திய அலையே வேண்டாம் என்று மேலே முடிவாகி, கோபுரத்தை நிறுத்தினார்கள். இனி எல்லாவற்றையும் ஆப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று நானே கடைசி நாளில் அறிவித்தேன். மேடம் மாற்றலாகிப் போனார். நான் காட்பாடியில் வீட்டோடு உட்கார்ந்தேன்.

அடுத்த பங்குனியில் வாசலில் கன்னியம்மா நின்றார். தோப்பிலிருந்து பேருந்து மாறி மாறி வந்திருந்தார். “ஆப்பு கேக்கணும்னா போன மரத்துல கட்டணும் சார். கட்டினா போனையும் தூக்கிக்கினு போயிடும்.” முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து வைத்தார். மரத்தில் கட்டச் சின்ன ஸ்பீக்கர் வாங்கிவிட்டாராம், பேச்சுதான் இல்லை. யூடியூபில் ஏதாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றேன். எல்லாவற்றிலும் நடுவில் மியூசிக் போட்டுவிடுகிறார்கள் என்றார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் பேசினேன். வீட்டில் இருந்த பழைய தினசரிகள், நானே எழுதிய தலையங்கங்கள், சினிமாப் பக்கம், வரி விளம்பரம் எதையும் விடவில்லை. குரல் கட்டிப்போய், மூன்று நாள் வெந்நீர்தான். கன்னியம்மா கார்டை முடிந்துகொண்டு போனார். பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் போன் வந்தது. தோப்பிலிருந்துதான், பின்னால் என் குரல் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தது, அதற்கும் பின்னால் கிளை முறியும் சத்தம் கேட்டது.

“ஒரு மரம் பூட்ச்சி சார். கார்டு திரும்பத் திரும்ப ஓடுதில்ல, இதுங்க கண்டுக்கினுச்சி. ஒரே சேதிய எத்தினி வாட்டி கேக்கும், நீங்களே சொல்லுங்க? வேற எதுனா புச்சா பேசி அனுப்புங்க சார், காய் பறிக்கிற வரைக்கும்.”

வாரம் ஒரு கார்டு போகிறது, இரண்டாவது மரம் இன்னும் போகவில்லை. பத்திரிகையிலும் வானொலியிலுமாக இத்தனை வருடம் பிழைத்தவனைப் பார்த்து, சொன்னதையே சொல்லாதே, புதிதாக ஏதாவது சொல் என்று கேட்ட முதல் நேயர்கள் வரதய்யபாளையத்துக் குரங்குகள்தான்.